பழைய டிவியில் வீடியோ ஓடுமா? ஓடும்!



குழுக்களுக்குப் பயிற்சிப் படம் காட்ட நாங்கள் போகிற இடத்தில் எல்லாம் ஒரே பேச்சுதான். "டிவி இருக்கு மேடம், ஆனா பழசு. அதுல இதெல்லாம் வராது." சரி என்று ஒரு லேப்டாப்பை நடுவில் வைத்து இருபது பேர் சுற்றி உட்காருகிறார்கள். பின்னால் இருக்கிறவர்களுக்குப் படமும் தெரியாது, சத்தமும் கேட்காது. பாதியில் எழுந்து வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள்.

ஒரு ஊரில் இது கடன் வரைக்கும் போய்விட்டது. புது டிவி வாங்க வேண்டும் என்று இரண்டு உறுப்பினர்கள் உள்கடன் கேட்டிருந்தார்கள். டிவி கெட்டுப்போய்விட்டதா என்று கேட்டோம். இல்லையாம், நன்றாகத்தான் ஓடுகிறதாம். புது செட்டாப் பாக்ஸ் வந்திருக்கிறது, அதன் வயர் பழைய டிவியில் சேரவில்லை, டவுனில் கடைக்காரர் "டிவியை மாத்திடுங்கம்மா" என்று சொல்லிவிட்டாராம். போய்ப் பார்த்தோம். ஒரு வீட்டில் நூறு ரூபாய் அளவில் ஒரு வயர்தான் தேவைப்பட்டது. இன்னொரு வீட்டில் சில நூறு ரூபாய்க்கு ஒரு சின்னப் பெட்டி. இரண்டு பேரும் கேட்டிருந்த கடனோ ஆளுக்குப் பத்தாயிரத்துக்கு மேல். மாதாமாதம் அசலும் வட்டியும் கட்டியிருப்பார்கள்.

அதனால்தான் இந்த இதழில் இதை எழுதுகிறோம். மிக்ஸி, கிரைண்டர், பேங்க் சலான், ஏ.டி.எம். எல்லாம் பழகிவிட்டோம். மூன்று பின் சொருக மட்டும் பக்கத்து வீட்டுத் தம்பி வரட்டும் என்று ஏன் காத்திருக்க வேண்டும்?

நம்மில் பலர் வீட்டில் இருப்பது பின்பக்கம் பெரிய வயிறு வைத்த டிவி. 2006-ல் தமிழக அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கிய 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சியும் அந்த ரகம்தான். அந்தத் திட்டம் 2011-ல் நின்றுபோனாலும், பெட்டிகள் சில வீடுகளில் இன்னும் ஓடுகின்றன. இவை கெட்டிப் பொருள். வெளியில் இருந்து வரும் வீடியோவை வாங்கிக்கொள்ள இவற்றில் வழி உண்டு. அந்த வழி எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

டிவியின் பின்னாலோ, பக்கவாட்டிலோ, முன்னால் சின்ன மூடிக்குள்ளோ மஞ்சள், வெள்ளை நிறத்தில் வட்டத் துளைகள் இருக்கும். சிலவற்றில் சிவப்பும் இருக்கும். மஞ்சள் படத்துக்கு. வெள்ளையும் சிவப்பும் சத்தத்துக்கு. இதைத்தான் ஏ.வி. என்கிறார்கள். டிவிடி பிளேயரிலும் செட்டாப் பாக்ஸிலும் இதே நிறங்களைப் பார்க்கலாம். அந்த நிறத்துக்கு அந்த நிறம், அவ்வளவுதான்.

ஒரே ஒரு இடத்தில்தான் கவனம் வேண்டும். சில டிவிகளில் இரண்டு வரிசை துளைகள் இருக்கும். ஒன்று 'இன்', உள்ளே வாங்குவது. மற்றொன்று 'அவுட்', வெளியே அனுப்புவது. இங்கிலீஷ் படிக்கத் தெரியாவிட்டாலும் கண்டுபிடிக்கலாம். முதல் எழுத்து நேர்க்கோடு மாதிரி நின்றால் அது இன். முதல் எழுத்து வட்டமாக இருந்தால் அது அவுட். பிளேயரின் அவுட்டில் இருந்து டிவியின் இன்னுக்கு வயர் வர வேண்டும். வாய்க்காலில் தண்ணீர் வருகிற மாதிரி, மடையில் இருந்து வயலுக்கு. இரண்டு பக்கமும் அவுட்டில் சொருகிவிட்டு "படமே வரல" என்று சொல்கிற வீடுகள் நிறைய.

சொருகுவதற்கு முன் இரண்டையும் சுவிட்சில் அணைத்துவிடுங்கள். பின்னை நேராகப் பிடித்து, கடைசி வரை அழுத்துங்கள். பாதியில் நின்றால் படம் விட்டுவிட்டு வரும். டிவியில் மஞ்சளும் வெள்ளையும் மட்டும் இருந்தால் சிவப்பு பின் சும்மா தொங்கட்டும், ஒன்றும் ஆகாது. பேச்சு சரியாகக் கேட்கவில்லை என்றால் வெள்ளைத் துளையில் சிவப்பு பின்னை மாற்றிச் சொருகிப் பாருங்கள்.

இப்போது டிவியைப் போட்டால் புள்ளி புள்ளியாக இரையும், அல்லது நீலமாக நிற்கும். இந்த இடத்தில்தான் பலரும் கைவிட்டுவிடுகிறார்கள். டிவி இன்னும் ஆன்டெனா வழியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. "இந்தப் பக்கம் பார்" என்று அதற்குச் சொல்ல வேண்டும். ரிமோட்டில் ஏ.வி. என்றோ, டிவி/ஏ.வி. என்றோ, சோர்ஸ் என்றோ ஒரு பட்டன் இருக்கும். ஒவ்வொரு முறை அழுத்தியதும் இரண்டு மூன்று விநாடி பொறுத்துப் பாருங்கள். ரிமோட் தொலைந்துபோயிருந்தால் டிவியின் முன்பக்கப் பட்டன்களில் தேடுங்கள். அங்கேயும் இல்லை என்றால் சேனலை ஒன்றுக்குக் கீழே இறக்கிப் பாருங்கள். சில டிவிகளில் ஏ.வி. அங்கேதான் ஒளிந்திருக்கும்.

படம் வருகிறது, ஆனால் கறுப்பு வெள்ளையாக வருகிறது என்றால் பயப்பட வேண்டாம். பிளேயரின் பின்னால் பச்சை, நீலம், சிவப்பு என்று இன்னொரு கூட்டம் துளைகள் இருக்கும். மஞ்சள் பின்னைத் தவறிப் பச்சையில் சொருகியிருப்பீர்கள். அதுவும் சரியாக இருந்தால் பிளேயரின் செட்டிங்கில் பார்க்க வேண்டும். நம் நாட்டு டிவிகள் 'பால்' என்ற முறைப்படி செய்தவை (குடிக்கிற பால் இல்லை!). அமெரிக்கா பக்கத்து முறைக்கு என்.டி.எஸ்.சி. என்று பெயர். பிளேயர் அதில் இருந்தால் சில டிவிகளில் நிறம் போய்விடும், சிலவற்றில் படம் மேலும் கீழும் உருளும். பாலுக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

இனி அந்த இரண்டு வீட்டு விஷயத்துக்கு வருவோம். முன்பு கேபிள்காரர் வயரை நேராக டிவியின் பின்னால் சொருகிவிட்டுப் போவார். டிஜிட்டல் ஆன பிறகு நடுவில் பாக்ஸ் வந்துவிட்டது. புதிய பாக்ஸ்களில் மூன்று நிறத் துளை இல்லாமல் இருக்கலாம். உடனே "வராது" என்று முடிவு கட்டாதீர்கள். ஹெட்போன் சொருகுகிற மாதிரி சின்ன வட்டத் துளை இருக்கிறதா, பக்கத்தில் ஏ.வி. என்று போட்டிருக்கிறதா பாருங்கள். இருந்தால், ஒரு முனையில் ஒற்றைப் பின்னும் மறுமுனையில் மூன்று நிறமும் உள்ள வயர் போதும். முதல் வீட்டில் நடந்தது இதுதான். இந்த வயர்களில் ஒரு சங்கடம் உண்டு. எல்லாக் கம்பெனியும் உள்ளே ஒரே மாதிரி இணைப்பதில்லை. மஞ்சளில் படம் வராவிட்டால், டிவியின் மஞ்சள் துளையில் சிவப்பு பின்னையும் வெள்ளை பின்னையும் மாற்றி மாற்றிச் சொருகிப் பாருங்கள். இதனால் எதுவும் புகையாது.

அந்தச் சின்னத் துளையும் இல்லாமல், தட்டையான எச்.டி.எம்.ஐ. துளை மட்டும் இருந்தால்தான் கன்வர்ட்டர் பெட்டி வேண்டும். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். எச்.டி.எம்.ஐ.யில் படமும் சத்தமும் எண்களாக வருகின்றன. பழைய டிவிக்கு அந்தப் பாஷை தெரியாது. நடுவில் மொழிபெயர்க்க ஒரு ஆள் தேவை, அந்த ஆள்தான் கன்வர்ட்டர்.

இதை வாங்கும்போது ஏமாற்றம் நடக்கிறது, ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம். ஒரு முனையில் எச்.டி.எம்.ஐ., மறுமுனையில் மூன்று நிறப் பின், நடுவில் பெட்டியே இல்லை என்று வெறும் வயர் ஒன்று விலை குறைவாக விற்கிறார்கள். வயர் மொழிபெயர்க்காது. செட்டாப் பாக்ஸுக்கும் லேப்டாப்புக்கும் அது வேலை செய்யாது, வாங்காதீர்கள். அடுத்து, கன்வர்ட்டரில் இரண்டு ஜாதி உண்டு. எச்.டி.எம்.ஐ.யில் இருந்து ஏ.வி.க்கு மாற்றுவது ஒன்று, ஏ.வி.யில் இருந்து எச்.டி.எம்.ஐ.க்கு மாற்றுவது ஒன்று. பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். நமக்கு வேண்டியது முதல் ரகம். கடையில் "புது பாக்ஸ், பழைய டிவி" என்று தெளிவாகச் சொல்லி, முடிந்தால் ஓட்டிக் காட்டச் சொல்லி, பில்லோடு வாங்குங்கள். கன்வர்ட்டருக்குத் தனியாக மின்சாரம் வேண்டும். கூட வரும் சின்ன வயரைப் போன் சார்ஜரில் சொருகினால் போதும். அதன் பக்கவாட்டில் உள்ள குட்டி சுவிட்சைப் பால் பக்கம் தள்ளிவைக்க மறக்காதீர்கள்.

இதே கன்வர்ட்டரை வைத்து லேப்டாப் படத்தையும் டிவியில் காட்டலாம். வீடியோ நன்றாகத் தெரியும். ஆனால் கணக்குப் பட்டியல், சின்ன எழுத்து எல்லாம் மங்கிப்போகும். வரவு செலவை டிவியில் போட்டுக் காட்ட முயன்றால் கண்தான் வலிக்கும், அதற்குச் சார்ட் பேப்பரே மேல். புதுப் படங்கள் அகலமாக எடுக்கப்படுவதால் ஆட்கள் ஒல்லியாகத் தெரிந்தாலும் ஓரம் வெட்டுப்பட்டாலும், பாக்ஸ் செட்டிங்கில் திரை அளவை 4:3 என்று மாற்றுங்கள். 14 அங்குலத் திரைக்கு முன்னால் பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். மற்றவர்கள் அடுத்த சுற்றில் பார்க்கட்டும்.

டிவிடி பிளேயரில் பென்டிரைவ் துளை இருந்தாலும், போனில் எடுத்த படம் அதில் ஓடாமல் போகலாம். பிளேயர் பழுது என்று அர்த்தமில்லை. போன் பதிவு செய்கிற முறை பழைய பிளேயருக்குத் தெரியாது. போனை நேராக டிவியில் இணைக்கும் வயரும் எல்லாப் போனுக்கும் சேராது. உங்கள் போனிலேயே ஓட்டிக் காட்டாமல் காசு கொடுக்காதீர்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறோம். நாம் சொன்ன வேலை எல்லாம் வெளியில் உள்ள துளைகளில்தான். டிவியின் பின்மூடியை யாரும் கழற்ற வேண்டாம். வண்ணப் படக்குழாய்க்கு 20,000 வோல்ட் அளவுக்கு மின்சாரம் போகிறது. சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உள்ளே தங்கியிருக்கும். தூசி தட்டலாம் என்று திறந்தால்கூட ஆபத்து. அதோடு இந்த டிவிகளுக்கு முன்பக்கம்தான் கனம். ஆடுகிற ஸ்டூலில் வைத்து, வயர் கீழே தொங்கினால், தவழுகிற குழந்தை இழுத்தால் தலையில் விழும். சுவர் ஓரமாக உறுதியான மேஜையில் வைத்து, வயரைப் பின்பக்கமாகவே விடுங்கள்.

கூட்டமைப்பு அலுவலகத்தில் ஒரு கன்வர்ட்டரும் மூன்று வகை வயர்களும் வைத்திருக்கிறோம். டிவி வாங்க உள்கடன் மனு வந்தால், தீர்மானம் எழுதும் முன் ஊக்குநர் அல்லது பிரதிநிதி பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு இவற்றை எடுத்துச் சென்று அந்த வீட்டு டிவியில் ஓட்டிப் பார்க்கலாம். மூன்று நாளில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அடுத்த குழு காத்திருக்கும்.