குப்பைப் புகையும் சந்தான பாக்கியமும்

ஒரு தம்பதிக்குக் குழந்தை பிறவாவிடில், குற்றத்தை ஸ்திரீயின் தலையில் சுமத்துவது நம் தேசத்தில் நெடுநாளைய வழக்கம். அவளைக் கோயில் கோயிலாக அழைத்துச் செல்கிறார்கள். கண்ட மருந்தையெல்லாம் புகட்டுகிறார்கள். இரண்டாம் விவாகத்துக்கும் பேச்சு நடக்கிறது. புருஷனைப் பரிசோதிக்கச் சொன்னால் மட்டும் குலத்துக்கே இழுக்கு வந்ததாகக் கோபிக்கிறார்கள். இக்கோபத்தை நாம் மதிப்பதற்கில்லை. புருஷனிடம் குறையிருந்து, அக்குறை அவன் சிறு பிராயத்தில் சுவாசித்த காற்றிலும் அருந்திய பாலிலும் ஆரம்பித்திருந்தால், யாரைக் குற்றம் சொல்வது?

இத்தாலியில் நடந்த ஒரு விபத்து இக்கேள்வியை எழுப்புகிறது. 1976-ம் வருஷம் ஜூலை 10-ந் தேதி, மிலான் நகருக்கு அருகிலுள்ள ஒரு ரசாயனத் தொழிற்சாலையிலிருந்து டையாக்ஸின் என்னும் கொடிய விஷம் கலந்த புகை கிளம்பி, ஸெவெஸோ என்னும் ஊரின்மீது படிந்தது. பறவைகளும் முயல்களும் மடிந்தன. குழந்தைகளின் முகத்தில் கொப்புளங்கள் கண்டன. வைத்தியர்கள் அவ்வூராரின் இரத்தத்தை எடுத்து உறையவைத்துப் பாதுகாத்தார்கள். இது பின்னால் பெரும் உபகாரமாயிற்று. டாக்டர் மோக்காரெல்லியும் அவருடைய சகாக்களும் 2000-ம் வருஷத்தில் வெளியிட்ட முடிவின்படி, 19 வயதுக்கு முன் அவ்விஷம் பட்ட புருஷர்களுக்கு ஆண் குழந்தைகள் குறைந்து பெண் குழந்தைகளே மிகுதியாகப் பிறந்தன. 2008-ல் வெளிவந்த மற்றொரு முடிவு இன்னும் கவனிக்கத்தக்கது. பத்து வயதுக்குள் விஷம் பட்ட சிறுவர்கள் வாலிபரானபோது அவர்களுடைய விந்தணுக்களின் தொகையும் இயக்கமும் குறைந்திருந்தன. விபத்தின்போதே வாலிபராயிருந்தவர்களிடம் இக்குறை காணப்படவில்லை.

காரணம் இதுவாயிருக்கலாம். விந்தணுக்களை ஊட்டி வளர்க்கும் அணுக்கள் கருவிலும் பால்யத்திலுமே பெருகி முடிகின்றன. பிற்காலத்தில் அவை பெருகுவதில்லை. அப்பருவத்தில் ஹார்மோன்களின் ஏவலைக் கலைக்கும் விஷம் புகுந்தால், நஷ்டம் ஆயுள் முழுவதும் நிற்கிறது. டையாக்ஸினோ உடலின் கொழுப்பில் தங்கி, பாதியளவு குறைவதற்கே சுமார் ஏழு வருஷங்களுக்கு மேல் பிடிக்கும்.

இவ்விஷத்துக்குத் தொழிற்சாலை வெடிக்க வேண்டுமென்பதில்லை. பி.வி.சி. பிளாஸ்டிக் கலந்த குப்பையைத் திறந்த வெளியில் கொளுத்தினாலே போதும். ஆசியாவின் குப்பை மேடுகளை ஆராய்ந்தவர்கள், சென்னைப் பெருங்குடி மேட்டின் மண்ணிலும் டையாக்ஸின் இருப்பதை 2003-ல் எடுத்துக் காட்டினார்கள். அடுத்த வருஷம், இந்தியாவில் குப்பை மேட்டருகே வசித்த தாய்மாரின் பாலிலும் அது மிகுதியாயிருக்கக் கண்டு, அங்கு மேயும் பசுக்களின் பால் வழியாக வந்திருக்கலாமென்று ஊகித்தார்கள். ஸெவெஸோவில் ஒரே நாளில் படிந்த அளவு இங்கில்லை என்பது மெய். அதே கேடு இங்கும் விளைந்துவிட்டதென்று நாம் சாதிக்கவில்லை. ஆனால் அங்கே புகை ஒரு முறை கிளம்பிற்று. இங்கே அடிக்கடி கிளம்புகிறது.

சட்டம் இல்லாமலில்லை. திறந்த வெளியில் குப்பை எரிப்பதை 2016-ம் வருஷத்து விதிகள் தடுத்தன. அவ்வாண்டு டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் எரிப்போருக்கு 5,000 ரூபாயும், பெருமளவில் எரிப்போருக்கு 25,000 ரூபாயும் அபராதம் விதித்தது. அப்படியிருந்தும் 2022 ஏப்ரலில் பெருங்குடி மேடு நாட்கணக்கில் எரிந்தது. மேடே எரிந்தால் அபராதத்தை யாரிடம் வசூலிப்பது என்பதை அதிகாரிகள்தான் விளக்க வேண்டும்.

பிளாஸ்டிக்கைத் தனியே பிரித்து வாங்குவதும், மேடுகளில் கால்நடை மேயாமல் தடுப்பதும் நகரசபைகளின் வேலை. தேசத் தொண்டர்களுக்கும் இதில் பங்குண்டு. தங்கள் வார்டில் குப்பை எரிந்த இடத்தையும், தேதியையும், பக்கத்தில் பள்ளிக்கூடம் உண்டா என்பதையும் குறித்து, மாதந்தோறும் நகரசபை அங்கத்தினரின் கையில் அவர்கள் கொடுத்து வரட்டும்.