பற்றவைப்புக்கு எந்த வாயு?

எஃகுத் தகடுகளை மின்வில்லால் பற்றவைக்கும்போது, உருகிய உலோகத்துக்கு முதற்பகை நாம் மூச்சுவிடும் காற்றேயாகும். காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன். 21 விழுக்காடு ஆக்ஸிஜன். உருகிய எஃகு நைட்ரஜனைக் குடித்துவிடும்; உறையும்போது அதைக் கக்கும். கக்கிய வாயு வெளியேற வழியின்றி உள்ளே நுண்துளைகளாகத் தங்கும். ஆக்ஸிஜனோ உலோகத்தை எரித்து ஆக்ஸைடாக்கும். உள்ளே துளைபட்டுக் கிடக்கும் இணைப்பை நம்பிக் கடலில் கப்பலை விடுவது எப்படி?

இக்காற்றை விலக்கி வைக்கவே காப்பு வாயு வேண்டியிருக்கிறது. “காற்றை விலக்கினால் போதாதா? அது எந்த வாயுவாக இருந்தால் என்ன?” என்று பொறியியல் பயிலும் விடுதி நண்பர்கள் என்னிடம் கேட்பதுண்டு. போதாது என்பதே இரசாயனம் பயிலும் என் விடை. இளக்கி நிறைந்த கம்பியால் பற்றவைக்கும் முறையை எடுத்துக்கொண்டு அதன் காரணத்தை விளக்க முயல்கிறேன்.

1950-களில் அமெரிக்காவில் உருப்பெற்ற முறை இது. கப்பல் கட்டும் துறைகளில் இன்று பெருவழக்காக உள்ளது. இதில் பயன்படும் கம்பி குழல் போன்றது; அதன் வயிற்றில் இளக்கித் தூளும், மாங்கனீசு, சிலிக்கன் முதலியவையும் அடைக்கப்பட்டிருக்கும். கம்பி உருகும்போது இளக்கி கசடாக மாறி இணைப்பின்மேல் போர்வைபோல் படியும். இவ்வகைக் கம்பிகளுள் சில, தம் இளக்கியிலிருந்தே காப்பு வாயுவையும் உண்டாக்கிக்கொள்ளும். அவற்றுக்குச் சிலிண்டரே வேண்டா. மற்றவை வெளியிலிருந்து வாயுவை எதிர்பார்ப்பவை. நம் பேச்சு இவற்றைப் பற்றியதே.

எஃகுக்கு இவற்றோடு பெரும்பாலும் வழங்கும் வாயுக்கள் இரண்டு: ஒன்று, தனிக் கரியமில வாயு, மற்றொன்று, நூற்றுக்கு 75 முதல் 80 பங்கு ஆர்கானும் எஞ்சியது கரியமில வாயுவும் கொண்ட கலவை.

கரியமில வாயு மலிவானது. ஆனால் மின்வில்லின் கொடும் வெப்பத்தில் அது சும்மா இருப்பதில்லை. கார்பன் மானாக்ஸைடாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரிகிறது. தகட்டருகே அவை மீண்டும் கூடும்போது, பிரிவதற்காக வாங்கிய வெப்பத்தைத் திருப்பித் தருகின்றன. ஆகவே தகடு ஆழம்வரை உருகுகிறது. தடித்த தகடுகளுக்கு இது நல்லதே. ஆயினும் உலோகத் துளிகள் பெரியவையாக விழுவதால் தெறிப்பு மிகுதி, புகையும் மிகுதி.

ஆர்கானை 1894-இல் ராலே, ராம்சே என்னும் அறிஞர்கள் கண்டறிந்தனர். சோம்பலுடையது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லால் அதற்குப் பெயரிட்டனர். காற்றில் அது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. காற்றைத் திரவமாக்கிப் பிரித்தெடுக்க வேண்டியிருப்பதால் விலை அதிகம். ஆனால் அது சேர்ந்த கலவையில் மின்வில் அமைதியாக எரியும், துளிகள் சிறியவை, தெறிப்பும் புகையும் குறைவு. செங்குத்தாகவோ தலைக்கு மேலோ பற்றவைக்கும் தொழிலாளிக்கு உருகிய உலோகத்தை அடக்கியாள்வதும் எளிது.

இதுவரை சொன்னவை கண்ணுக்குத் தெரிபவை. தெரியாதது ஒன்று உண்டு, அதுவே முக்கியமானது. கரியமில வாயுவிலிருந்து பிரியும் ஆக்ஸிஜன், கம்பியிலுள்ள மாங்கனீசிலும் சிலிக்கனிலும் ஒரு பகுதியை எரித்துவிடும். கம்பி செய்பவர்கள் இந்த இழப்பைக் கணக்கிட்டே அவற்றைச் சேர்க்கின்றனர். கரியமில வாயுவுக்கென்று செய்த கம்பியைக் கலவையில் ஓட்டினால், எரியவேண்டிய பங்கு இணைப்பிலேயே தங்கிவிடும். வலிமை கூடும், ஆனால் முறியாமல் நீண்டுகொடுக்கும் தன்மை குறையலாம். கலவைக்கென்று செய்த கம்பியைத் தனிக் கரியமில வாயுவில் ஓட்டினால், அவை அளவுக்குமீறி எரிந்து வலிமையே குறையலாம். குழம்பில் உப்புக் கூடினால் நாக்குச் சொல்லிவிடும். எஃகில் மாங்கனீசு கூடியதையும் குறைந்ததையும் கண் சொல்லாது.

ஆகவே கம்பியையும் வாயுவையும் சேர்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். தகட்டின் கனம், இணைப்பு அமையும் நிலை, செலவு ஆகியவற்றை எண்ணிப் பார்த்து, எந்த வாயு என்று முடிவு செய்து, அதற்கேற்ற கம்பியை வாங்குவதே முறை. அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் வகைப்பாட்டில், கம்பியின் குறியீட்டிலுள்ள ‘சி’ என்னும் எழுத்து தனிக் கரியமில வாயுவையும், ‘எம்’ என்னும் எழுத்து மேற்சொன்ன கலவையையும் குறிக்கும். இரண்டுக்கும் தகுதிபெற்ற கம்பிகளும் உண்டு.

இன்னும் இரண்டு செய்திகள். திறந்தவெளியில் காற்று பலமாக வீசினால் எந்த வாயுவும் கலைந்துவிடும். அங்கே மறைப்புக் கட்டவேண்டும், அல்லது சிலிண்டர் வேண்டாத கம்பியை நாடவேண்டும். மூடிய இடங்களிலோ ஆபத்து வேறு. கரியமில வாயு, ஆர்கான் இரண்டும் காற்றினும் கனமானவை. நிறமும் மணமும் அற்றவை. தொட்டியின் அடியிலும் கப்பலின் அறைகளிலும் தேங்கி, அறிவிப்பின்றி ஆளை மயக்கிக் கொன்றுவிடக் கூடும். நல்ல காற்றோட்டம் இல்லாமல் அங்கே எவரையும் இறக்கலாகாது.

நம் சங்க அன்பர்களுள் பலர் நாளை தொழிற்சாலைகளில் பொறுப்பேற்கப் போகிறவர்கள். “மலிவான வாயுவுக்கு மாறலாம்” என்னும் காகிதம் ஒருநாள் உங்கள் மேசைக்கும் வரும். மாறுவதில் தவறில்லை. ஆனால் கம்பி எந்த வாயுவுக்கென்று செய்யப்பட்டது என்று கேளுங்கள், ஒரு மாதிரி இணைப்பைச் செய்து இழுத்தும் வளைத்தும் சோதித்துப் பாருங்கள், பிறகு கையொப்பமிடுங்கள். முகமூடிக்குள் குனிந்து வேலை செய்பவருக்கும், அவர் இணைத்ததன்மேல் நாளை ஏறி நிற்பவருக்கும் நாம் செலுத்தவேண்டிய கடன் அது.