ஓடும் கண்ணும் ஓடாத ஏடும்

கல்லில் எழுதியது நெடுங்காலம் நிற்கும். ஓலையில் எழுதியது சில தலைமுறை நிற்கும். தாளில் எழுதியதோ உப்புக்காற்றும் கறையானும் விட்டுவைக்கும் வரைதான் நிற்கும். நமது தீவகம் இம்மூன்றுக்கும் சான்று உடையது. பொலனறுவையிலிருந்து அரசாண்ட முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் (1153–1186) தமிழ்ச் சாசனம் ஒன்று நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் உண்டு. பேராசிரியர் கா. இந்திரபாலா அதனை ஆராய்ந்து 1963ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஊராத்துறைக்கு வரும் பரதேசிகள் காக்கப்படல் வேண்டும். யானையும் குதிரையும் கொணரும் கலம் உடைந்தால் நான்கில் ஒரு பங்கு பண்டாரத்துக்கும் மூன்று பங்கு உடையவனுக்கும் சேரும். வாணிகச் சரக்குக் கலம் உடைந்தால் பாதிக்குப் பாதி. இவை அச்சாசனம் கூறும் செய்திகள். ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறையே. எண்ணூறு ஆண்டு கடந்தும் அந்தப் பங்குக் கணக்கை நாம் அறிய முடிகிறது. ஆயின் அதே தீவுகளில் நம் பாட்டன் காலத்துக் காணி உறுதியைப் பெட்டகத்திலிருந்து எடுத்துப் பிரித்தால், மடித்த மடிப்பெல்லாம் இற்று, தாள் நான்கு துண்டாய்க் கையில் வருகிறது.

1990, 1991ஆம் ஆண்டுகளில் தீவக மக்களிற் பெரும்பாலோர் ஊர்விட்டுப் பெயர்ந்தபோது, உறுதியும் பிறப்புப் பத்திரமும் சாதக ஓலையும் பொலித்தீன் பைகளிலே சுற்றப்பட்டு அவர்களோடு அலைந்தன. வீட்டிலே விட்டுவந்தவை போயின. எஞ்சியவற்றை இப்போது ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வாழும் பிள்ளைகள், "ஸ்கான் பண்ணி அனுப்புங்கோ" என்று கேட்கிறார்கள். கடைக்குக் கொண்டுபோகிறோம். அங்கே ஓர் இயந்திரம் அத்தாளை வாங்கிக்கொள்கிறது. அந்த இயந்திரத்துக்குள்ளே எது அசைகிறது, எது அசையாமல் இருக்கிறது என்று கேட்பார் மிகச் சிலர். பழைய தாளின் உயிரோ அந்தக் கேள்வியில்தான் தங்கியிருக்கிறது.

கணினித்தமிழ் வல்லோர் இவ்வியந்திரத்துக்கு 'வருடி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வருடுதல் என்றால் மெல்லத் தடவுதல். நல்ல பெயர்தான், எல்லா வருடியும் மெல்லத் தடவுகிறதா என்பது வேறு விடயம்.

பழுதாகி மூலையிற் போடப்பட்ட தட்டை வருடி ஒன்று கிடைக்குமானால் மாணவர்கள் அதனைக் கழற்றிப் பார்க்கலாம். மின்னிணைப்பை நீக்கிவிட்டுக் கண்ணாடியை மெதுவாகத் தூக்கவேண்டும். உள்ளே பெரும்பகுதி வெறுமையாக இருப்பது வியப்பைத் தரும். நீளவாக்கிலே ஓர் உருக்குத் தண்டு. அத்தண்டின்மேல் வழுக்கிச் செல்லும் ஒரு சிறு வண்டி. வண்டியை இழுக்கும் பல்வைத்த பட்டி. பட்டியின் ஒரு முனையில் மோட்டரும் பற்சில்லுகளும், மறுமுனையில் வில்லால் இழுத்துப் பிடிக்கப்பட்ட கப்பி. விளக்கும் ஒளியை உணரும் உறுப்பும் அந்த வண்டியிலே அமர்ந்திருக்கின்றன. தாள் கண்ணாடிமேற் கிடக்கிறது. கண் அதன்கீழே ஊர்ந்து செல்கிறது.

கண் என்றோம். ஆனால் நம் கண்போல முழுப்பக்கத்தையும் ஒருங்கே காண்பதன்று அது. தாளின் குறுக்கே ஒரே ஒரு மெல்லிய கோட்டைத்தான் ஒரு நேரத்திற் காணும். அங்குலத்துக்கு 300 புள்ளி என்னும் அளவில், கோடு ஒவ்வொன்றும் ஓர் அங்குலத்தின் முந்நூற்றில் ஒரு பங்கு, அஃதாவது ஏறக்குறைய 0.085 மில்லிமீற்றர். ஏ4 தாள் ஒன்றை முடிக்க வண்டி ஏறத்தாழ 3,500 கோடுகளைக் கடக்கவேண்டும். இத்தனை கோடுகளும் சம இடைவெளியில் அமைந்தால்தான் எழுத்து எழுத்தாக இருக்கும். வண்டி ஓரிடத்தில் தயங்கினால் அவ்விடத்து எழுத்து நீளும், துள்ளினால் குறுகும், ஒரு பக்கம் முந்தி மறுபக்கம் பிந்தினால் வரி முழுவதும் சாயும்.

இந்த ஒழுங்கைத் தருவது எது? சாதாரண மின்விசிறி மோட்டர் போலச் சுழன்றுகொண்டே இருக்கும் மோட்டர் இதற்கு உதவாது. படிபடியாகத் திரும்பும் மோட்டர் வேண்டும். ஒவ்வொரு மின்துடிப்புக்கும் ஒரு படி. ஒரு சுற்றுக்கு 200 படி என்பது பெருவழக்கான அமைப்பு. ஒரு சுற்றுக்குப் பட்டி 40 மில்லிமீற்றர் நகரும் என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஒரு படிக்கு 0.2 மில்லிமீற்றர், நமக்கு வேண்டிய 0.085ஐ விட மிகப் பெரிது. ஆகவே இடையிலே பற்சில்லுகளை வைத்துப் பத்துக்கு ஒன்றாகக் குறைக்கிறார்கள். இப்போது ஒரு படிக்கு 0.02, கோட்டுக்கு ஏறக்குறைய நான்கு படிகள். அங்குலத்துக்கு 1,200 புள்ளி வேண்டுமென்றால் கோட்டுக்கு ஒரு படி. வேகத்தைக் கொடுத்து நுட்பத்தை வாங்குகிறோம். உயர்ந்த அளவில் வருடும்போது வண்டி ஆமைபோல ஊர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பற்சில்லு என்றவுடன் ஒரு தொல்லையும் கூடவே வரும். சைக்கிள் மிதியைச் சற்றே பின்னுக்குத் தள்ளிப் பின் முன்னுக்கு மிதித்துப் பாருங்கள். சில்லு பிடிக்குமுன் மிதி சிறிது வெறுமனே நகரும். பல்லுக்கும் பல்லுக்கும் இடையேயும் இத்தகைய சிறு இடம் உண்டு. அஃது இல்லாவிட்டால் சில்லுகள் இறுகிவிடும். ஆதலின் பொதுவாக வருடி ஒரே திசையிற் செல்லும்போதுதான் படிக்கிறது. திரும்பி வரும்போது படிப்பதில்லை. சும்மா வேகமாக ஓடிவந்து தொடக்க இடத்தில் நிற்கிறது. முன்செல்லும்போது பற்கள் எப்போதும் ஒரே பக்கத்தில் அழுந்தி நிற்பதால் அந்த இடைவெளி கணக்கில் வராது. மேலும், முதற் கோட்டைப் படிக்குமுன்னரே வண்டி சிறிது தூரம் ஓடித் தன் வேகத்தை நிலைப்படுத்திக்கொள்கிறது. போகிற வழியில், சட்டத்தின்கீழே ஒட்டப்பட்டிருக்கும் வெள்ளைப் பட்டை ஒன்றை நோக்கி, 'வெண்மை என்பது இதுதான்' என்று அளந்துகொள்கிறது. நாம் காணாத இடத்தில் நடக்கும் இந்த ஆயத்தம் நமக்கு மிகப் பிடித்த பகுதி.

பெரிய போட்டோப்பிரதி இயந்திரங்கள் சிலவற்றில் இதைவிட அழகான ஓர் அமைப்பு உண்டு. அங்கே வில்லையும் உணரியும் அசைவதில்லை, ஆடிகளே ஓடுகின்றன. ஓர் ஆடி மட்டும் ஓடினால் தாளிலிருந்து வில்லைக்குள்ள தூரம் மாறி உருவம் மங்கிவிடும் அல்லவா? ஆகவே இரண்டாவது வண்டியொன்றில் வேறிரு ஆடிகளை வைத்து, அதனை முதல் வண்டியின் பாதி வேகத்தில் ஓடவிடுகிறார்கள். முதலாவது இரண்டடி சென்றால் இரண்டாவது ஓரடி செல்லும். ஒளி செல்லும் மொத்தத் தூரம் மாறாது. அந்தப் பாதி வேகத்தைப் பெறுவதற்கு மின்னணு வித்தை எதுவும் தேவையில்லை. பௌதிகப் பாடத்தில் நாம் படித்த அசையும் கப்பியே போதும்.

இவ்வாறு கோடு கோடாகப் படிக்கும் எண்ணம் கணினிக்கு மிக மூத்தது. ஸ்கொட்லாந்து நாட்டு மணிக்கூட்டுத் தொழிலாளர் அலெக்சாண்டர் பெயின் 1843ஆம் ஆண்டிலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். ஊசி பொருத்திய ஊசல் ஒன்று உலோக எழுத்துகளின்மேல் ஆடும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எழுத்துப் பலகை சிறிது கீழிறங்கும். தொலைவில் உள்ள இன்னோர் ஊசலும் இதனோடு ஒத்து ஆடவேண்டும், சங்கடம் அங்கேதான். கணினிக்குள் முதன்முதல் ஒரு படத்தைச் செலுத்தியவர் அமெரிக்கரான ரசல் கெர்ஷ். 1957ஆம் ஆண்டில், சுழலும் உருளையொன்றில் தம் கைக்குழந்தையின் படத்தைச் சுற்றி, 176க்கு 176 புள்ளிகளாகப் படித்தார். தட்டைக் கண்ணாடியில் தாளை வைத்துப் படிக்கும் முறையை 1976இல் ரே கேர்ஸ்வைல் கண்பார்வையற்றோருக்கு நூல் வாசித்துக்காட்டும் இயந்திரத்திற் பயன்படுத்தினார்.

இனி, கடையில் உள்ள மற்ற வகைக்கு வருவோம். மூடியின்மேலே தாள்களை அடுக்கி வைத்தால் ஒவ்வொன்றாக இழுத்துப் படித்து வெளியே தள்ளும் வகை அது. அங்கே கண் அசையாது, தாளே ஓடும். அலுவலகத்துக்கு இதைவிட வசதி வேறில்லை. அதன் சூட்சுமம் முழுவதும் உராய்வில் இருக்கிறது. மேலே சுழலும் இறப்பர் உருளை ஒன்று. கீழே அசையாத இறப்பர்த் துண்டு ஒன்று, அல்லது எதிர்த்திசையிற் சுழல முயலும் உருளை ஒன்று. உருளைக்கும் தாளுக்கும் உள்ள உராய்வு மிகப் பெரிதாயும், துண்டுக்கும் தாளுக்கும் உள்ளது அதனிற் குறைவாயும், தாளுக்கும் தாளுக்கும் உள்ளது எல்லாவற்றிலும் குறைவாயும் இருக்கவேண்டும். அப்போதுதான் மேல்தாள் முன்னே செல்ல, அதனோடு ஒட்டிய தாள் பின்தங்கும். இந்த வரிசை சற்றே பிறழ்ந்தால் இரண்டு தாள் சேர்ந்து போகும். அல்லது ஒன்றும் போகாது. உள்ளே சென்ற தாள் பல இயந்திரங்களில் ஓர் உருளையைச் சுற்றி வளைந்தே வெளியே வருகிறது.

புதுத்தாள் வளையும். எழுபது ஆண்டு கண்ட உறுதி வளையுமா? அதன் முகத்திற் படிந்த தூசி உருளையை வழுக்கச்செய்யும். கிழிந்த ஓரம் இடுக்கிற் சிக்கும். மடிப்பு இற்ற இடத்தில் முன்பாதி போக, பின்பாதி நிற்கும். இதில் இன்னொரு பொறியும் உண்டு. பழைய உறுதிகள் பல, ஏ4இலும் நீளமான தாளில் எழுதப்பட்டவை. தட்டைக் கண்ணாடியில் அவை அடங்குவதில்லை. இழுக்கும் வகையோ நீண்ட தாளை வாங்கிக்கொள்ளும். அவசரத்தில் நிற்கும் கடைக்காரர் எதைத் தெரிவார் என்று சொல்லத் தேவையில்லை. அவரைக் குறைகூறவும் முடியாது. இரு துண்டாக வருடித்தாருங்கள், தாள் ஓடவேண்டாம் என்று நாமல்லவோ கேட்கவேண்டும்? மேற்பாதி ஒன்று, கீழ்ப்பாதி ஒன்று, நடுவில் நான்கைந்து வரி இரண்டிலும் வரும்படி எடுத்தால் போதும்.

தூசியின் விளையாட்டும் இரு வகையிலும் வேறாகும். கண் அசையாது தாள் ஓடும் இயந்திரத்தில், அந்தச் சிறு கண்ணாடிக் கீற்றில் ஒரு துகள் இருந்தால் பக்கம் முழுவதும் நீண்ட கோடு விழும். தட்டை வருடியிலோ துகள் ஒரு புள்ளியாக மட்டும் விழும். கோடு கண்ணிற் படும், புள்ளி ஏமாற்றும். ஆங்கிலத்தில் அஃது அழுக்கு. தமிழிலோ அதுவே ககரத்தைக் ககர மெய்யாக்கிவிடும். ஏட்டிலே எழுதிய நம் முன்னோர், ஓலை கிழியும் என்று மெய்க்குப் புள்ளியிடாமல் விட்டனர். அவர்கள் இடாத புள்ளியை இயந்திரத்தின் தூசி இடுவது வேடிக்கைதான். ஆகவே வருடுமுன் கண்ணாடியை மென்துணியால் துடைக்கவேண்டும்.

ஓலைச் சுவடியைப் பற்றி ஒரு சொல். மெலிந்த, மலிவான வருடிகளில் உணரி கண்ணாடிக்கு மிக அண்மையில் ஒட்டி ஓடுகிறது. கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருக்கும் பொருள்தான் அதற்குத் தெளிவாகத் தெரியும். ஒரு மில்லிமீற்றர் எழும்பினாலும் மங்கிவிடும். வளைந்த ஓலை எழும்பத்தான் செய்யும். அதனை மூடியால் அழுத்தினால் வெடிக்கும். ஆடியும் வில்லையும் கொண்ட தடித்த பழைய வகை இவ்விடத்தில் மேலானது. அதனிலும் மேலானது, மேலே கமராவை நிறுத்தி ஓலையைக் கீழே கிடத்திப் படம்பிடிப்பது. தைத்த நூலாயின், விரிந்த கைகளைப்போல் அமைந்த சாய்தட்டில் நூலைப் பாதி திறந்தபடி வைக்கலாம். அங்கே அசையும் உறுப்பு ஏடு புரட்டும் மனிதக் கை ஒன்றுதான்.

படி எடுத்தலின் பெறுமதியைத் தீவகத்தாருக்கு நாம் எடுத்துரைக்கவேண்டியதில்லை. ஊர்காவற்றுறையைச் சேர்ந்த கரம்பொனில் 1913இல் பிறந்த தனிநாயகம் அடிகள், 1679இல் அம்பலக்காட்டில் அச்சான புரோயென்சா பாதிரியாரின் தமிழ்–போர்த்துக்கேய அகராதியை வத்திக்கான் நூலகப் பிரதியிலிருந்து படம்பிடித்த வடிவிலேயே 1966இல் கோலாலம்பூரில் வெளிவரச் செய்தார். இன்று அதனைக் காண நாம் உரோமாபுரிக்குப் போகவேண்டியதில்லை. மறுபக்கத்தில், 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. படி இல்லாதவை இல்லாமலே போயின. 2005இல் தன்னார்வலர் தொடங்கிய 'நூலகம்' என்னும் மின்னூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாக வருடிச் சேர்த்து வருகிறது. அப்பக்கங்களைப் படிக்கும் மாணவர்கள், ஒவ்வொன்றின் பின்னும் மூவாயிரத்துக்கு மேற்பட்ட சிறு நகர்வுகள் உள்ளன என்பதை நினைத்துப் பார்க்கலாம்.

வருடியைத் தீவுக்குக் கொண்டுபோக நினைப்போருக்குச் சில குறிப்புகள். உப்புக்காற்று உருக்குத் தண்டிற் கறையேற்றும். கிறீசு காலப்போக்கில் பிசினாகி வண்டியைத் தடுக்கும். வேலை முடிந்ததும் துணியால் மூடிக் கடற்காற்று நேரே படாத அறையில் வைப்பது நன்று. குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அலை எழும் நாட்களில் வண்டி உள்ளே முட்டி மோதும். தடித்த பழைய வருடிகளின் அடியிலோ பக்கத்திலோ பூட்டுப் படம் பொறித்த சிறு திருகு உண்டு. வண்டியைத் தொடக்க இடத்தில் நிறுத்தி அதனைப் பூட்டிய பின்னரே வள்ளத்தில் ஏற்றவேண்டும். கரையிறங்கியதும் திறக்கவேண்டும். திறவாமல் மின்னைக் கொடுத்தால் மோட்டர் நகராத வண்டியை இழுக்க முயன்று கரகரவென்று அலறும். அந்த ஒலி கேட்டால் உடனே மின்னை நிறுத்தித் திருகைத் திறந்துவிடுங்கள். பெரும்பாலும் பற்கள் தப்பிவிடும்.