செவி வழிப் பாராயணம்

குருக்ஷேத்திரப் போரின் பத்தாம் நாள். களத்திலிருந்து திரும்பிய சஞ்சயன், திருதராஷ்டிரனிடம் முதன்முதலில் சொன்ன செய்தி, பீஷ்மர் வீழ்ந்துவிட்டார் என்பதே. முடிவு தெரிந்துவிட்டது. ஆயினும் பார்வையற்ற அம்மன்னன் அத்துடன் நிறுத்தச் சொல்லவில்லை. எப்படி வீழ்ந்தார், யார் எதிரே நின்றார்கள், யார் காத்தார்கள் என்று கேள்வி மேல் கேள்வியாகக் கேட்கிறான். சஞ்சயனும் போர் மூண்ட வேளைக்கே திரும்பிச் சென்று, படைகளின் அணிவகுப்பிலிருந்து தொடங்குகிறான். இல்லந்தோறும் ஓதப்படும் பகவத்கீதை, முடிவைச் சொல்லிவிட்டுத் தொடங்கிய அந்த விவரிப்பின் நடுவேதான் வருகிறது.

இன்று கைபேசியில் ஒலிப்புத்தகம் கேட்கும் முதியவர்களின் நிலையும் ஏறக்குறைய இதுதான். இராமனுக்குப் பட்டாபிஷேகம் நடக்கும் என்பதை அறியாமல் எவரும் இராமாயணம் கேட்க அமர்வதில்லை. அடுத்து என்ன நடக்கும் என்ற ஆவல் இல்லாதபோது, சொல்லும் குரலும் சொல்லும் விதமுமே அவர்களை அமர வைக்கின்றன.

கண்புரை அறுவைக்குப் பின்னும் சிறிய எழுத்துகள் பிடிபடாதவர்கள் உண்டு. சர்க்கரை நோயால் விழித்திரை தளர்ந்தவர்களும் உண்டு. ஆண்டுக்கணக்கில் சுந்தர காண்டத்தின் 68 சர்க்கங்களையும் தவறாமல் பாராயணம் செய்தவருக்குப் புத்தகத்தை மூடிவைக்க நேர்வது சிறிய துயரம் அன்று. காதால் கேட்பது பாராயணத்துக்கு ஈடாகுமா என்ற தயக்கமும் சேர்ந்துகொள்கிறது. பிரகலாதன் சொன்ன ஒன்பது வகை பக்தியில் முதலாவது சிரவணம். அதற்கு எடுத்துக்காட்டாகப் பெரியோர் காட்டும் பரீட்சித்து மன்னன், ஏழு நாட்களும் ஏட்டைத் தொடவே இல்லை. சுகப்பிரம்மம் சொல்லக் கேட்டான். தண்ணீரையும் துறந்திருந்த தனக்குப் பசி தாகம் தெரியவில்லை என்று பத்தாவது ஸ்கந்தத்தின் தொடக்கத்தில் அவனே கூறுகிறான்.

மேல்நாடுகளில் 1930களில் ‘பேசும் நூல்கள்’ இசைத்தட்டுகளாக வெளிவந்ததும் பார்வையற்றோருக்காகவே. ஒலிப்புத்தகத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

வாசிப்பவர் நூலை உயர்த்தவும் முடியும், கெடுக்கவும் முடியும். கைகேயி வரம் கேட்கும் கட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். தொலைக்காட்சித் தொடரின் வில்லியைப் போல முதல் சொல்லிலிருந்தே கீச்சுக் குரலில் கத்துபவர்கள் இருக்கிறார்கள். இராமன் முடிசூடுவான் என்று கேட்டு முதலில் மகிழ்ந்தவள் அவள். மந்தரையின் சொற்கள் மெல்ல மெல்லத்தான் அவளை மாற்றின. தேர்ந்த வாசகர் அந்த மாற்றத்தைக் குரலிலும் மெல்லவே கொண்டுவருவார். தசரதன் மயங்கி விழும் இடத்தில் ஒரு கணம் பேசாமலும் இருப்பார். செய்யுளானால், முதலில் சந்தியோடு முழுமையாகச் சொல்லி, பிறகு பதம் பிரித்துச் சொல்லுவதே முறை. லகர ளகர ழகரங்களைக் குழப்பினால், பழைய காதுகள் அத்துடன் கதையை விட்டுப் பிழையை எண்ணத் தொடங்கிவிடும்!

பின்னணி இசை தனிச் சோதனை. முதுமையில் மெல்லிய மெய்யெழுத்து ஒலிகள்தான் முதலில் நழுவுகின்றன. வீணையும் மிருதங்கமும் குரலோடு சேர்ந்து ஒலித்தால் சொல் காணாமற்போகிறது. ஆகவே பாகவதம், இராமாயணம் போன்றவற்றுக்கு ஒற்றைக் குரலே உகந்தது. கதைமாந்தர் நிறைந்த நாவலுக்குப் பல குரல்கள் பொருந்தும். 1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்த கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னைப் பாம்பே கண்ணன் பல கலைஞர்களைக் கொண்டு ஒலிநூலாக்கியிருக்கிறார். குரலைக் கேட்டே ஆளை அடையாளம் கண்டுகொள்ள முடிவது அங்கே பெரிய உதவி.

‘தெய்வத்தின் குரல்’ வேறு வகை. காஞ்சி மகா பெரியவர் பேசியவற்றை ரா. கணபதி ஏழு தொகுதிகளாக எழுத்தில் வடித்தார். பேச்சின் ஓட்டம் அதில் அப்படியே நிற்பதால், யாராவது உரக்க வாசித்தால் எழுத்து மீண்டும் பேச்சாகிவிடுகிறது. ஆனால் ஒரு பொருளில் தொடங்கி, கிளைக்கதைகளில் நெடுந்தூரம் சென்று திரும்பும் நடை அது. நடுவே கண்ணயர்ந்தவர் விழித்ததும் எங்கே இருக்கிறோம் என்று திகைப்பார்.

கோயில் மண்டபத்தில் இந்தத் திகைப்பு நேர்வதில்லை. உபந்யாசகர் நேற்று விட்ட இடத்தை நாலு வார்த்தையில் நினைவூட்டிவிட்டே தொடங்குவார். வாரியார் சுவாமிகள் முன்வரிசைக் குழந்தைகளிடம் கேள்வி கேட்டு, விடை சொன்னால் சிறு நூலைப் பரிசளிப்பார். தூங்கிய பெரியவரும் அந்தச் சிரிப்பொலியில் விழித்துக்கொள்வார். மூடிய அறையில் ஒலிவாங்கியின் முன் வாசிப்பவருக்குக் கேட்பவரின் முகம் தெரிவதில்லை. ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் முன்கதையை இரண்டு வரியில் சொல்லும் வழக்கத்தையாவது பதிப்பாளர்கள் கைக்கொள்ளலாம். வேகத்தைக் கூட்டும் வசதியைப் பெருமையாக விளம்பரம் செய்கிறார்கள்; எழுபது வயதுக்காரருக்குத் தேவைப்படுவது குறைக்கும் வசதி.

கடல் கடந்து வாழும் பேத்தி, சுந்தர காண்டத்தில் ஒரு சர்க்கத்தைத் தமிழ் உரைநடையில் வாசித்துக் குரல் பதிவாக அனுப்பும் வீடுகளும் இருக்கின்றன. ‘ஜாம்பவான்’ என்ற பெயரில் அவளுக்கு நாக்குத் தடுக்குகிறது. நடுவே குக்கர் விசில் அடிக்கிறது. விலை கொடுத்து வாங்கிய ஒலிப்புத்தகத்தை நிறுத்திவிட்டு, அந்தப் பத்து நிமிடத்தைப் பாட்டி இரவில் ஒரு முறையும், மறுநாள் காலை விளக்கேற்றியபின் இன்னொரு முறையும் கேட்கிறார்.