பாம்புக்குக் கால் எங்கே போனது?

பாம்பின் கால் பாம்பறியும் என்கிறோமே, பாம்புக்குக் கால் ஏது என்று என்றாவது யோசித்திருக்கிறீர்களா, நேயர்களே? அதன் மூதாதைகளுக்குக் கால் இருந்தது! மலைப்பாம்பின் வால் தொடங்கும் இடத்தில் இன்றும் இரண்டு சின்ன நகங்கள் துருத்திக்கொண்டிருக்கும். பின்னங்கால்களின் மிச்சம் அவை.

சரி, கால் எப்படிப் போனது? காலை வளர்க்கும் மரபணு பாம்பிடம் இன்னும் நன்றாகவே இருக்கிறது. மூளை வளரவும் அதே மரபணுதான் வேண்டும், அதை இழக்க முடியாது. பழுதானது அதன் சுவிட்ச் மட்டும்தான். கருவில் கால் முளைக்கவேண்டிய இடத்தில் அந்த மரபணுவை முடுக்கிவிடும் சின்னஞ்சிறு டி.என்.ஏ. துண்டு அது.

2016-ல் அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வகத்தில், எலியின் சுவிட்சை எடுத்துவிட்டு மலைப்பாம்பின் சுவிட்சை வைத்துப் பார்த்தார்கள். எலிக்குட்டிகளுக்குக் கால்கள் வளராமல் குட்டையாகவே நின்றுவிட்டன. மீனின் சுவிட்சை வைத்தபோதோ, ஆச்சரியம், முழுக் கால்கள் வளர்ந்தன! இத்தனைக்கும் மீனுக்கு இருப்பது துடுப்புதான். பிறகு, பாம்பின் சுவிட்சில் விடுபட்டிருந்த ஒரு துளியைத் திரும்பச் சேர்த்தார்கள். எலிக்குட்டி நான்கு கால்களோடு பிறந்தது.