கடன் எல்லை குறுகும்போது

கடன் கொடுப்பவர் ஒரு கோடு கிழிக்கிறார். கடன் வாங்குபவர் அந்தக் கோட்டுக்குள் நின்று குடும்பம் நடத்தப் பழகிக்கொள்கிறார். கோட்டைக் கிழித்தவரே ஒருநாள் அதனை அழித்து, இன்னும் உட்புறமாகக் கிழித்துவிட்டால் வாங்கியவர் என் செய்வார்? பதுளைக்கும் ஊவாத் தோட்டங்களுக்கும் இக்கேள்வி புதியதன்று.

தோட்டத்தில் பிறந்து, படித்து, ஆசிரியராகவும் எழுதுவினைஞராகவும் தொழில் பார்க்கும் இளைஞர் பலரின் சட்டைப் பையிலே இன்று கடனட்டை இருக்கிறது. 150,000 ரூபா வரை கடன் தர ஒப்பியிருந்த வங்கி, இனி 90,000 ரூபாதான் என்று கைத்தொலைபேசிக்கு ஒரு செய்தி அனுப்பிவிடுகிறது. பிள்ளைகளின் பாடசாலைச் செலவுக்கும் பண்டிகைத் துணிமணிக்கும் அவ்வட்டையையே நம்பியிருந்த குடும்பம் திகைத்து நிற்கிறது. அவமானம் ஒருபுறம், அடுத்த மாதச் செலவு மறுபுறம்.

அவ்வேளையில் நாம் முதலில் கேட்க வேண்டியது, நம் நாணயம் போய்விட்டதா என்பதன்று. யாருக்கு, எதனால் அச்சம் வந்தது என்பதையே கேட்க வேண்டும். இதனை விளங்கிக்கொள்ள நம் மலைநாட்டு வரலாறே நல்ல பாடம்.

கடைக் கொப்பி

லயங்களில் வளர்ந்தோர் யாவரும் கடைக் கொப்பியை அறிவர். அரிசி, மா, சீனி, தேங்காயெண்ணெய் எல்லாம் அதில் ஏறும். சம்பள நாளில் தீரும். அந்தக் கொப்பிக்கும் ஓர் எல்லை உண்டு. அது எங்கும் எழுதப்பட்டிராது. கடை முதலாளியின் மனத்திலேயே இருக்கும்.

ஆடி, ஆவணி மாதங்களில் வறண்ட காற்று வீசும்போது ஊவாத் தேயிலைக்கு உலகம் போற்றும் வாசனை வந்து சேருகிறது. ஆனால் அதே வரட்சியினால் கொழுந்து குறைகிறது. கொழுந்து குறைந்தால் முழுப்பேர் அரைப்பேராகும், சம்பளமும் சுருங்கும். இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும் முதலாளி, "இந்த மாசம் கொஞ்சம் பார்த்து வாங்குங்க அக்கா" என்பார். சொல் மென்மையானதுதான், ஆயினும் எல்லை குறைந்துவிட்டது என்பதே அதன் பொருள். அக்காவின் நேர்மையில் அவருக்கு ஐயமில்லை. வரட்சி கண்டே அவர் அஞ்சினார். முகம் பார்த்துச் சொன்னபடியால் காரணமும் உடனே விளங்கியது. வங்கியின் செய்தியிலே அந்த முகம் இல்லை; காரணத்தை நாமே தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

மடுல்சீமையில் தொடங்கியது

1869ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதித் தோட்டமொன்றிலே கோப்பி இலைகளில் செம்மஞ்சள் நிறத் தூள் படிந்திருப்பதைக் கண்டனர். அதுவே பின்னர் இலங்கையின் கோப்பிப் பயிரை அடியோடு அழித்த இலைத்துரு நோய். அக்காலத்தில் கோப்பித் தோட்டங்களுக்குப் பெருங்கடன் கொடுத்திருந்த வங்கிகளில் முதன்மையானது ஓரியன்டல் வங்கி. பயிர் நலிந்தது, கடன்கள் திரும்பவில்லை, 1884ஆம் ஆண்டு மே மாதம் அவ்வங்கி கதவை மூடியது. அதன் நோட்டுகள் நாடெங்கும் புழங்கியமையால், மக்கள் கையிலிருந்த நோட்டுகளுக்குத் தேசாதிபதி சேர் ஆர்தர் கோர்டனின் அரசாங்கம் உத்தரவாதம் கொடுக்க நேர்ந்தது.

துரைமாருக்குக் கடன் நின்றவுடன், தொழிலாளருக்குச் சம்பளம் பாக்கியாயிற்று. ஆயிரக்கணக்கானோர் தமிழகத்துக்கே திரும்பினர். மலை ஏறி வந்து காடு வெட்டி, கோப்பி நட்ட அம்மக்கள் அந்த வங்கியின் படிகளில் ஒருநாளும் கால் வைத்ததில்லை. வங்கி விழுந்த அடி அவர்கள் அடுப்பிலே பட்டது. மறுபுறம், கையில் ரொக்கம் வைத்திருந்தவருக்கு அதே காலம் வாய்ப்பாயிற்று. 1890ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த தோமஸ் லிப்டன், அப்புத்தளைப் பக்கத்திலுள்ள தம்பேதன்னை முதலிய தோட்டங்களை விலை தாழ்ந்திருந்த வேளையில் வாங்கினார்.

லண்டனிலிருந்து லயம் வரை

தேயிலை வந்தபின் கடன் ஒரு நீண்ட சங்கிலியாயிற்று. லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட வங்கிகள் கொழும்பிலே நாட்டுக்கோட்டைச் செட்டியார்களுக்குக் கடன் கொடுத்தன. செட்டியார்கள் வர்த்தகருக்கும் கங்காணிமாருக்கும் கொடுத்தனர். கங்காணி, கிராமத்திலிருந்து ஆளழைத்து வருகையில் முற்பணம் கொடுத்து, அதனைத் தொழிலாளியின் பெயரில் எழுதினார். தோட்டம் மாற விரும்பினால் கடனும் கூடவே மாறும். இன்ன தொகை கட்டினால் இந்த ஆட்களை விடுகிறேன் என்று துரை எழுதிக்கொடுத்த தாளுக்குத்தான் 'துண்டு' என்று பெயர். ஒரு குடும்பம் எங்கே வாழலாம் என்பதையே அத்தாள் தீர்மானித்தது. 1921ஆம் ஆண்டுச் சட்டத்தினால் துண்டு முறை ஒழிந்தது.

1925ஆம் ஆண்டில் பெரிய செட்டியார் நிறுவனமொன்று முறிந்தது. அஞ்சிய வங்கிகள் அந்நிறுவனத்தோடு நில்லாமல், நாணயம் தவறாத ஏனைய செட்டியார்களுக்கும் கடனை இறுக்கின. நான்கு ஆண்டுகளில் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. தேயிலை, இறப்பர் விலைகள் வீழ்ந்தன. நெருக்குண்ட செட்டியார்கள் தாம் கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்டனர். அடமானம் வைத்த காணிகள் பல கைமாறின. நாட்டு மக்களுக்குக் கடன் வழி இல்லையே என்ற குரல் எழவே, 1934ஆம் ஆண்டில் சேர் சொராப்ஜி பொச்கானவாலா தலைமையிலான வங்கி ஆணைக்குழு ஆராய்ந்து அறிக்கை தந்தது. அதன் பயனாக 1939ஆம் ஆண்டில் இலங்கை வங்கி பிறந்தது.

மேலே ஒரு கண்ணி இறுகினால் கீழுள்ள ஒவ்வொரு கண்ணியும் இறுகும். ஒழுங்காகக் கட்டியவரும் அதில் அகப்படுவர். 2008ஆம் ஆண்டு நெருக்கடியில் அமெரிக்காவிலும் தவணை தவறாத பலரின் அட்டை எல்லைகளை வங்கிகள் குறைத்தன. இவ்வாறு எல்லையைக் குறைத்தால், அறிவித்து 45 நாள் செல்லுமுன் எல்லை தாண்டியதற்கு அபராதம் வாங்கலாகாது என்று பின்னர் அங்கே விதி வந்தது. நம் நாட்டிலே 2020ஆம் ஆண்டில் கடனட்டை வட்டிக்கு 18 சதவீதம் என்ற உச்ச வரம்பு இருந்தது. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் அது நீக்கப்பட்டது. வட்டி வெகுவாக உயர்ந்தது.

என்ன செய்யலாம்?

முதலாவது, கணக்கைப் பார்க்க வேண்டும். எல்லை 150,000 ரூபாவாக இருந்தபோது 80,000 ரூபா நிலுவை பாதியளவே. எல்லை 90,000 ஆனால், எஞ்சுவது 10,000 மட்டுமே. மாத வட்டியும் கட்டணமும் ஏறினால் அறியாமலே எல்லை தாண்டலாம். அதற்கும் அபராதம் வரக்கூடும். ஆதலால் அட்டையிலிருந்து தானாகக் கழியும் காப்புறுதித் தவணை, தொலைபேசிக் கட்டணம் ஆகியவற்றை முதலில் வேறு வழிக்கு மாற்றிவிடுவது நலம்.

இரண்டாவது, வங்கிக்கு எழுத்தில் காரணம் கேட்க வேண்டும். எல்லையை மாற்றும் உரிமையை வங்கிகள் ஒப்பந்தத்திலேயே வைத்துக்கொள்வது வழக்கம். ஆயினும் வருமானச் சான்று பழையதாகிவிட்டது என்பது போன்ற சிறு காரணமாயின், புதிய சம்பளச் சீட்டைக் கொடுத்தாலே எல்லை திரும்பக் கிடைக்கலாம்.

மூன்றாவது, நம்மைப் பற்றிய பதிவை நாமே பார்க்க வேண்டும். 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த கொடுகடன் தகவல் பணியகம், யார் எவ்வளவு கடன்பட்டார், எப்படித் திருப்பினார் என்ற விவரங்களை வைத்திருக்கிறது. கடன் கொடுப்பதா மறுப்பதா என்று அது முடிவு செய்வதில்லை. விவரம் மட்டுமே தருகிறது. தமது அறிக்கையை எவரும் கேட்டுப் பெறலாம். பிழையிருந்தால் திருத்தக் கோரலாம். நண்பருக்காகப் பிணை நின்று மறந்துபோன கடனும் அங்கே தலைகாட்டக்கூடும். வங்கியோடு பேசியும் தீராத முறைப்பாட்டுக்கு, மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம் இருக்கிறது. நிதி ஒம்புட்ஸ்மனும் இருக்கிறார்.

நான்காவதே மிக முக்கியமானது. குறைந்த எல்லையை ஈடுசெய்ய வேறொரு கடனுக்கு ஓடலாகாது. இன்னோர் அட்டை, அட்டையில் எடுக்கும் ரொக்கம், வாரக் கடன், நகை அடகு என்று ஒன்றின் மேல் ஒன்றாக ஏறினால், எல்லை குறைந்ததால் வந்த சிரமத்தைவிட அதனை மறைக்கச் செய்த முயற்சியே குடும்பத்தை அமிழ்த்திவிடும். ரொக்கமாக எடுக்கும் பணத்துக்கு எடுத்த நாள் முதலே வட்டி ஓடும் என்பதையும் மாணவர்கள் குறித்துக்கொள்க.

ஆண்டு வட்டி 24 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 80,000 ரூபாவுக்கு ஒரு மாத வட்டி 1,600 ரூபா. குறைந்தபட்சத் தொகையாக 4,000 கட்டினால் முதலில் கழிவது 2,400 மட்டுமே. அதே மாதம் 10,000 கட்டினால் 8,400 கழியும். ஆறேழு மாதம் குடும்பம் முழுவதும் கூடி இறுக்கிப் பிடித்தால், வங்கி எங்கே கோடு கிழித்தாலும் நாம் அதற்கு வெகு தொலைவில் நிற்கலாம். இதில் பிள்ளைகளுக்குத் தெரியாமல் மறைப்பதால் பயனில்லை. வீட்டு வரவு செலவை அவர்களும் சேர்ந்து எழுதினால், பாடசாலையில் படிக்கும் வட்டிக் கணக்குக்கு உயிர் வரும்.

கடன் எல்லை நம் சொத்தன்று. நம் மானத்தின் அளவுமன்று. பிறர் நமக்காகப் போட்ட ஒரு மதிப்பு. அவர் அச்சத்தோடு அது ஏறும், இறங்கும். விரலுக்குத் தக்க வீக்கம் என்று நம் பெரியோர் சொன்னது விரலைப் பார்த்து அளப்பதற்கே. துண்டுச் சீட்டின் காலத்தில் நம் முன்னோருக்குத் தங்கள் கணக்கு என்னவென்று பார்க்கும் எழுத்தறிவுகூட மறுக்கப்பட்டிருந்தது. எழுதவும் படிக்கவும் கணக்கிடவும் தெரிந்த இத்தலைமுறை, தன் கணக்கைத் தானே வைத்துக்கொள்ளட்டும். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கொப்பி இருக்கட்டும். அது கடைக்காரருடையதாகவோ வங்கியுடையதாகவோ இல்லாமல், அவ்வீட்டாருடையதாகவே இருக்கட்டும்.