புது கோச் வந்தாச்சு... கும்மிடிப்பூண்டி ரயிலில் திரும்பவும் சத்தம் கேட்குமா?

நேரு ஸ்டேடியத்தில் ராத்திரி மேட்ச் முடிய ஒன்பதரை ஆகிவிடும். பெரியமேட்டிலிருந்து பொடிநடையாக சென்ட்ரல் வந்து, மூர் மார்க்கெட் வளாகத்தில் கும்மிடிப்பூண்டி ரயிலைப் பிடித்தால், கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நீல ஜெர்சிக்காரர்கள் சிலர் இறங்கிக்கொண்டே வருவார்கள். எண்ணூர் தாண்டி, கொசஸ்தலை ஆற்றைக் கடந்து, அனல்மின் நிலையத்தின் விளக்குகள் கண்ணில் படும்போது பெட்டியில் மிச்சமிருப்பவர்கள் அத்திப்பட்டு, மீஞ்சூர்க்காரர்கள்தான். ஜெயித்த ராத்திரி என்றால் அந்த ஒரு மணி நேரப் பயணம் பேச்சுக்குப் போதாது. தோற்ற ராத்திரி என்றால் ரயில் நகரவே மாட்டேன் என்கிறது.

திருவொற்றியூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு 2021-லிருந்து மெட்ரோ வந்துவிட்டது. அது விம்கோ நகரோடு நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் இருப்பவர்களுக்கு இன்றும் இந்த ரயில்தான். சென்னையின் எஃப்.சி. மேட்ச்சுக்கு ஒருநாள் போய்வருவது என்றால், ஷிப்ட் மாற்றிக்கொள்ள வேண்டும். டிக்கெட் காசு ஒதுக்க வேண்டும். வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டும். இத்தனையும் செய்து போய், 0-3 என்று தோற்றுவிட்டு நள்ளிரவுக்குப் பக்கத்தில் வீடு திரும்பினால், கதவைத் திறக்கும் அம்மா கேட்கும் ஒரே கேள்வி: “ஜெயிச்சீங்களாடா?”

2019 நவம்பரில் அந்தக் கேள்விக்குச் சொல்ல நல்ல பதிலே இல்லை.

அதற்கு ஒன்றரை வருஷம் முன்னால்தான் இதே அணி இந்தியன் சூப்பர் லீக் சாம்பியன். 2018 மார்ச்சில் கோவாவுக்கு எதிரான அரையிறுதி, நேரு ஸ்டேடியத்தில் 3-0. ஜெஜே இரண்டு கோல் போட, இன்னொன்றைப் போட்டவர் தன்பால் கணேஷ். வியாசர்பாடிப் பையன். பேசின் பிரிட்ஜுக்கு அந்தப் பக்கம் இருக்கும் வியாசர்பாடியை ‘மினி பிரேசில்’ என்று சொல்வார்கள். அந்தச் சந்துகளில் பந்து உதைத்து வளர்ந்தவர் அரையிறுதியில் கோல் போடுகிறார் என்றால், வடசென்னைக்கு அது வெறும் கோல் அல்ல. நாலு நாள் கழித்து பெங்களூருவில் நடந்த ஃபைனலில், அந்த ஊர் அணியையே 3-2 என்று வீழ்த்திக் கோப்பையைத் தூக்கினார்கள்.

அடுத்த சீசனில் அதே அணி கடைசி இடம். 18 ஆட்டங்களில் வெறும் 2 வெற்றி, 9 புள்ளி. சாம்பியன் அணி அடுத்த வருஷமே அடிமட்டத்துக்குப் போனதை ரசிகர்கள் ஒருவழியாக ஜீரணித்துக்கொண்டார்கள். கோப்பை வாங்கித் தந்த பயிற்சியாளர் ஜான் கிரிகரிக்கு இன்னொரு வாய்ப்பு கிடைத்தது. ஆனால் 2019-20 சீசனும் அப்படியே தொடங்கியது. முதல் ஆட்டத்தில் கோவாவிடம் 0-3. தீபாவளி அன்று மும்பையோடு 0-0. அப்புறம் ஏடிகே-யிடம் 0-1, பெங்களூருவிடம் 0-3. நாலு மேட்ச், ஒரு கோல்கூட இல்லை. ஐந்தாவது மேட்ச்சில் ஹைதராபாத்துக்கு எதிராக முதல் கோல் விழுந்தபோது 90 நிமிஷம் முடிந்து கூடுதல் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மேட்ச்சை 2-1 என்று ஜெயித்தார்கள். ஆனாலும் மாதக் கடைசியில் கிரிகரி விலகினார். ஆறு ஆட்டம், ஐந்து புள்ளி.

டிசம்பர் 3-ம் தேதி அறிவிப்பு வந்தது. புது கோச், ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஓவன் கோய்ல்.

நம் ஊரில் அப்போது ‘பிகில்’ ஓடிக்கொண்டிருந்த நேரம். வடசென்னைக்காரர் ஒருவர் கோச்சாகப் போய், சொதப்பிக்கொண்டிருந்த அணியைத் தூக்கி நிறுத்தும் கதை. தியேட்டரில் மூன்று மணி நேரத்தில் நடந்துவிடுகிறது. கோய்லின் சொந்தக் கதை அவ்வளவு நேர்க்கோட்டில் இல்லை. 2009-ல் பர்ன்லி என்ற சின்ன ஊரின் அணியை, 33 வருஷம் கழித்து இங்கிலாந்தின் முதல்நிலை லீகுக்குக் கொண்டுபோனவர் அவர். சில மாதங்களிலேயே அந்த அணியைப் பாதியில் விட்டுவிட்டு போல்டனுக்குப் போய்விட்டார். பர்ன்லி ரசிகர்கள் அதை லேசில் மன்னிக்கவில்லை. போல்டன் 2012-ல் கீழ் லீகுக்கு இறங்கியது. பிறகு விகன், அமெரிக்காவில் ஹூஸ்டன், பிளாக்பர்ன் என்று பல இடங்கள். கூகுளில் தேடிப் பார்த்த ரசிகருக்கு ‘இவரா காப்பாற்றப் போகிறார்?’ என்று தோன்றியிருந்தால் அதில் தப்பே இல்லை.

உடனே அதிசயமும் நடக்கவில்லை. முதல் ஆட்டம் டிரா. கேரளாவை 3-1 என்று ஜெயித்தபோது ஸ்டேடியம் அதிர்ந்தது. அடுத்த மேட்ச்சிலேயே கோவாவிடம் 3-4 தோல்வி. ஜனவரி 6-ம் தேதி ஒடிசாவிடம் 0-2. பத்து ஆட்டம் முடிந்து கையில் 9 புள்ளிதான். ‘கோச்சை மாத்தி என்ன, டீம் அதேதானே’ என்று டீக்கடையில் பேசியவர்கள் ஜெயித்துவிட்டது போலத்தான் இருந்தது.

பிறகு நடந்ததுதான், இன்றைக்கும் புது கோச் என்றால் இந்தப் பகுதி ரசிகர்கள் நிமிர்ந்து உட்காரக் காரணம். மிச்சமிருந்த எட்டு ஆட்டங்களில் சென்னையின் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. ஆறு வெற்றி, இரண்டு டிரா. மாட்டுப் பொங்கல் அன்று நார்த் ஈஸ்ட் அணிக்கு எதிராக, பிரேசில்காரர் ரஃபேல் கிரிவெல்லாரோ வெகுதூரத்திலிருந்து தூக்கி அடித்த பந்து, முன்னால் வந்து நின்றிருந்த கோல்கீப்பரின் தலைக்கு மேலே பறந்து வலைக்குள் விழுந்தது. ஜாம்ஷெட்பூரை 4-1, கொச்சியிலேயே கேரளாவை 6-3. கடைசியில் 29 புள்ளியோடு நாலாவது இடம், பிளே ஆஃப்.

அப்படி என்னதான் மாற்றினார்?

ஆட்கள் பெரும்பாலும் அதே ஆட்கள்தான். சீசன் நடுவில் பெரிய நட்சத்திரம் யாரையும் வாங்கி வரவில்லை. கிரிவெல்லாரோவுக்கு மைதானத்தில் இஷ்டம்போல் நகர்ந்து ஆட இடம் கொடுத்தார். பந்து கையை விட்டுப் போனால் பின்வாங்காமல் எதிரணியின் பாதியிலேயே விரட்டச் சொன்னார். லாலியன்சுவாலா சாங்தே தயங்காமல் ஓடினார். நெய்வேலியைச் சேர்ந்த எட்வின் சிட்னி வான்ஸ்பால் அணியில் நிலையாக இடம் பிடித்தார். நாலு ஆட்டமாக கோலே போடாமல் கிடந்த அணியின் நெரியஸ் வால்ஸ்கிஸ், சீசன் முடிவில் 15 கோல்களோடு தங்கக் காலணி வாங்கினார்.

இதில் கோச்சின் பங்கு எவ்வளவு, காலத்தின் பங்கு எவ்வளவு என்பது பெரிய விவாதம். பாஸ் டெர் வீல் என்ற நெதர்லாந்துப் பொருளாதார அறிஞர், தன் நாட்டு லீகில் 1986 முதல் 2004 வரை நடந்ததை எடுத்து ஆராய்ந்தார். மோசமாக ஆடி கோச்சை மாற்றிய அணிகள் மேலேறியது உண்மை. ஆனால் அதே அளவு மோசமாக ஆடி, கோச்சை மாற்றாமல் விட்ட அணிகளும் ஏறக்குறைய அதே வேகத்தில் மேலேறியிருந்தன. ஜுரம் தானாகவே இறங்கும் நாளில் கொடுத்த மாத்திரைக்கு நாம் நன்றி சொல்வது போலத்தான். மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்கள் வடசென்னையில் எக்கச்சக்கம். அவர்களுக்கு இது இன்னும் நன்றாகவே தெரியும். 2018 டிசம்பரில் சோல்ஷார் வந்ததும் முதல் எட்டு ஆட்டமும் வெற்றி. கோப்பை ஒன்றுகூட இல்லாமல் 2021-ல் அவரும் போனார்.

இருந்தாலும், 6-3 மேட்ச்சைப் பார்த்தவரிடம் போய் ஜுரக் கணக்குச் சொல்லிப் பாருங்கள்.

2020 பிப்ரவரி 29, சனிக்கிழமை. நேரு ஸ்டேடியத்தில் அரையிறுதி முதல் ஆட்டம். சீசனின் முதல் நாளில் மூன்று கோல் போட்டு அடித்த அதே கோவாவை சென்னையின் 4-1 என்று திருப்பி அடித்தது. ‘பி ஸ்டாண்ட் புளூஸ்’, ‘சூப்பர் மச்சான்ஸ்’ ரசிகர் கூட்டங்களின் மேளமும் கூச்சலும் ஓயவே இல்லை. அந்த ராத்திரி ரயிலில் போனவர்கள், அடுத்து சொந்த ஊர் மைதானத்தில் மேட்ச் பார்க்க எத்தனை காலம் காத்திருக்கப் போகிறோம் என்று நினைத்தும் பார்த்திருக்க மாட்டார்கள். இரண்டாவது ஆட்டம் கோவாவில் 2-4. மொத்தம் 6-5 என்று சென்னையின் ஃபைனலுக்குப் போனது. மார்ச் 14-ம் தேதி ஃபைனல் நடந்தபோது கொரோனா வந்துவிட்டது. கோவா ஃபட்டோர்டா மைதானத்தில் ஒரு ரசிகர்கூட இல்லை. காலி நாற்காலிகளுக்கு முன்னால் ஏடிகே-யிடம் 1-3 என்று தோற்றார்கள். அடுத்த இரண்டு சீசனும் கோவாவிலேயே நடந்தன. சென்னையில் மறுபடி ஐ.எஸ்.எல். ஆட்டம் நடந்தது 2022 அக்டோபரில்தான்.

அதற்குள் கோய்ல் ஜாம்ஷெட்பூருக்குப் போய்விட்டார். பர்ன்லியின் வலி அத்திப்பட்டுக்கும் புரிந்தது. போனவர் சும்மாவும் இருக்கவில்லை. 2021-22-ல் ஜாம்ஷெட்பூரை லீக் பட்டியலில் முதலிடத்துக்குக் கொண்டுபோய் ஷீல்டு வாங்கிக்கொடுத்தார். சென்னைக்கு லாஸ்லோ, பாண்டோவிச், பிர்டாரிச் என்று சீசனுக்கு ஒருவர் வந்தார்கள். ஒவ்வொரு முறையும் அறிவிப்பு, ஒவ்வொரு முறையும் வரவேற்பு. மூன்று சீசனிலும் எட்டாவது இடம்!

2023-ல் கோய்லே திரும்பி வந்தபோது ஏற்பட்ட கொண்டாட்டத்தைச் சொல்லி மாளாது. இந்த முறை யாரும் கூகுளில் தேடவில்லை. முதல் சீசனில் ஆறாவது இடம், பிளே ஆஃபில் கோவாவிடம் 1-2 தோல்வி. இரண்டாவது சீசனில் 13 அணிகளில் பதினொன்றாவது. அதே மனிதர், அதே மைதானம். 2020 ஜனவரி மட்டும் திரும்பி வரவில்லை.

வாசலில் இப்போது ஒரு கோவாக்காரர்

2025-ல் இந்தியக் கால்பந்தே ஆட்டம் கண்டது. கூட்டமைப்புக்கும் லீகை நடத்தும் நிறுவனத்துக்கும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாததால் சீசன் நடக்குமா என்றே தெரியவில்லை. ஆகஸ்டில் சென்னையின் கிளப் தன் செயல்பாடுகளைத் தற்காலிகமாக நிறுத்தியது. அம்மாக்கள் கேட்கும் கேள்வியே மாறிப்போனது: “மேட்ச் உண்டா, இல்லையா?”

இது பொழுதுபோக்குக் கவலை மட்டும் இல்லை. ஐ.சி.எஃப், ரயில்வே, இந்தியன் வங்கி என்று விளையாட்டு ஒதுக்கீட்டு வேலை வாங்கித் தந்த ஆட்டம் இது. அதனால்தான் பல வீடுகளில் பையன் ஸ்டட்ஸ் ஷூ கேட்டால் கடன் வாங்கியாவது வாங்கித் தந்தார்கள். அந்த வேலைகளின் எண்ணிக்கை குறைந்துவிட்ட காலத்தில், பக்கத்து ஊரில் ஒரு பெரிய கிளப் இருப்பது இன்னொரு வாசல். அந்த வாசலும் மூடினால், கடலோர மணலில் சாயங்காலம் ஆடும் பையன் யாரைப் பார்த்து ஆடுவான்?

அந்தக் குழப்பத்துக்கு நடுவில்தான் கிளிஃபோர்ட் மிராண்டாவின் பெயர் வந்தது. முன்னாள் இந்திய வீரர், கோவாக்காரர். இதுவரை இந்த அணிக்கு வெளிநாட்டவர்களே நிரந்தரப் பயிற்சியாளர்கள். நம் ஊர் சையது சபீர் பாஷா இடைக்காலமாகத்தான் அணியைப் பார்த்துக்கொண்டார். மிராண்டா 2023-ல் ஒடிசாவுக்கு சூப்பர் கப் வாங்கித் தந்தவர். அந்த ஒடிசா அணியின் விங்கில் பறந்தவர் சென்னைப் பையன் நந்தகுமார் சேகர். ‘நம்ம பசங்களோட ஆட்டம் தெரிஞ்ச கோச்’ என்று ரசிகர்கள் பிடித்துக்கொள்ள இந்த ஒரு நூல் போதுமானதாக இருக்கிறது.

அவருக்குக் கிடைத்திருப்பதோ சுருக்கப்பட்ட சீசன். 14 அணிகள், ஒவ்வோர் அணியோடும் ஒரே ஒரு ஆட்டம், மொத்தம் 13 மேட்ச். 2026 பிப்ரவரி 14-ம் தேதி லீக் தொடங்கியது. கோய்லுக்கு வெற்றிப் பாதை பிடிபடவே நாலு மேட்ச் ஆனது என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

அட்டவணை வந்தால் மற்ற ஊர் ரசிகர்கள் எதிரணி யார் என்று பார்ப்பார்கள். அத்திப்பட்டில் முதலில் பார்ப்பது நேரத்தை. ஐந்து மணி ஆட்டம் என்றால் தம்பி தங்கையையும் கூட்டிப்போகலாம். ஏழரை மணி என்றால், ஆட்டம் முடிந்து வீரர்கள் ரசிகர்கள் பக்கம் வந்து கைதட்டுவதற்குள் கிளம்பி, சென்ட்ரலுக்கு ஓட வேண்டும்.